சத்தமில்லாத ஆடிக்காற்று

ஜூன் 11

ஜனவரியில் கம்பெனி கொடுத்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது. பாதி வருடம் வெறும் தாளாகப் போய்விட்டது. இன்றைக்கு எடுத்து உட்கார்ந்ததற்குக் காரணம் எரிச்சல்தான். வேறொன்றும் பெரிதாக இல்லை.

எங்கள் கண்காணிப்பு அறைக்கு ஷெரின் பொறுப்பாளர் ஆகியிருக்கிறாள். குழித்துறைக்காரி, இருபத்தேழு வயது, போன வருடம்தான் இங்கே சேர்ந்தவள். எனக்கு ஐம்பத்தாறு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைக் கைவிரலால் எண்ணிவிடக்கூடிய காலத்திலேயே நான் இங்கு வந்தவன். அதற்காக வருத்தப்படுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொறுப்பு யாருக்கு வந்தாலும் அடிக்கிற காற்று ஒன்றுதான்.

என் எரிச்சல் வேறு. இந்தப் பிள்ளைகள் பேசுவதே இல்லை. பகல் ஷிப்டில் நாங்கள் மூன்று பேர்: ஷெரின், மேலப்பாளையத்து முபாரக், நான். எட்டிக் கூப்பிடுகிற தூரம்தான். இருந்தும் ஷெரின் என் போனுக்குச் செய்தி அனுப்புகிறாள்: "சார், 14-ம் ஆலை நிறுத்தியாச்சு. பாருங்க." அவ்வளவுதான். ஒரு அதட்டல் மாதிரி. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் ஒருத்தன் தும்மினால் மூன்று பேர் பேச்சுக் கொடுப்பார்கள்.

அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் ஆலைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எனக்கு அது போதும்.

ஜூன் 15

வாசல் காலிங் பெல் ரிப்பேர். புது பேட்டரி போட்டேன். பழையதிலேயே நன்றாகத்தான் அடித்தது என்கிறாள் பகவதி. முப்பது வருடமாக நான் எதைச் சரிசெய்தாலும் அது முன்பே நன்றாக இருந்தது என்றுதான் சொல்லுவாள்.

ஜூன் 19

காலையில் கணவாய் முழுக்க மேகம் இறங்கிவிட்டது. தூண்கள் தெரியவில்லை. வெள்ளைக்கு நடுவிலிருந்து ஒரு இறக்கை மட்டும் மெதுவாக வெளியே வரும், நம்மைப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி மறுபடி உள்ளே போகும். பிறகு இன்னொன்று. கனவில் யாரோ கையசைக்கிற மாதிரி. நான் டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரையில் காற்றின் வேகம் நன்றாகத்தான் காட்டுகிறது. ஆனால் இந்த வருடம் காற்றுக்குச் சத்தமே இல்லை. முன்பெல்லாம் இந்த மாதத்தில் ஜன்னல் விளிம்பில் விசில் அடிக்கும். ஜன்னலை மாற்றிவிட்டார்களோ என்னவோ. மலைப் பக்கத்திலிருந்து வரும் சிறு குருவிகளும் இந்த வருடம் கூச்சல் போடக் காணோம். வேலிக்கம்பியில் உட்கார்ந்து வாயை மட்டும் திறந்து மூடுகின்றன.

ஷெரின் இன்று வரவில்லை. குழுவில் எல்லாரும் பார்க்கும்படி எழுதியிருக்கிறாள்: "மனசு சரியில்ல. லீவு." பொறுப்பாளர் எழுதுகிற எழுத்தா இது? எனக்கும்தான் மனசு சரியில்லாத நாட்கள் உண்டு. வயிற்றுவலி, மாமியார் வீட்டுக் காரியம் என்று நாகரிகமாக ஏதாவது எழுதிக் கொடுப்போம். அப்பா இறந்த வருடம் நான் மனசு வெந்துபோய்க் கிடந்தபோது மூன்று தடவை எனக்கு வயிற்றுவலி வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அப்போதைய மரியாதை.

முபாரக் ஷிப்ட் முடிகிற மணிக்குக் கரெக்டாகப் பையைத் தோளில் மாட்டிவிட்டான்.

ஜூன் 24

சாப்பாட்டு வேளையில் முபாரக் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டான். இந்தப் பையன்கள் வாயைத் திறக்காமல் பேசுவதால் பாதி மீசைக்குள்ளேயே போய்விடுகிறது. என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்கிறான் என நினைத்து, "தயிர்சாதம், நார்த்தங்காய்" என்றேன். அவனும் ஷெரினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் போனில் செய்தி வந்தது: "சார், உங்க பொண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதான்னு கேட்டேன்."

முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறாள் என்று நானும் எழுதி அனுப்பினேன். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தோம். இப்படி ஒரு காலம்.

ஜூலை 2

சென்னைத் தலைமை அலுவலகத்தோடு வீடியோவில் கூட்டம். ஒரு பெட்டிக்குள் ஐந்தாறு தலைகள். ஸ்பீக்கர் கொரகொரவென்று. எல்லாரும் தலையாட்டிய இடத்தில் நானும் ஆட்டினேன். கூட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, இனி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாக்கி-டாக்கியை நான் தனியாகப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆலை உச்சியில் வேலை செய்பவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். சின்ன வேலைதான்.

சாயங்காலம் ஷெரினிடமிருந்து செய்தி: "சார், மதியம் வாக்கி-டாக்கி நான் பாத்துக்கறேன். நீங்க முதல்ல சாப்பிடுங்க."

பொறுப்புக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் கையிலிருக்கிற வேலையைப் பிடுங்கப் பார்க்கிறாள். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினேன். அவள் நெடுநேரம் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தது போனில் தெரிந்தது. கடைசியில் ஒன்றும் வரவில்லை.

ஜூலை 5

பகவதி கோபத்தில் இருக்கிறாள். காரணம் சொன்னாள். எனக்குச் சரியாகப் புரியவில்லை.

ஜூலை 9

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.

மதியம் ஷெரினும் முபாரக்கும் கீழே சாப்பிடப் போயிருந்தார்கள். இசக்கிமுத்துவும் வில்சனும் இருபத்தோராம் ஆலையின் உச்சியில் இருந்தார்கள். இசக்கி எங்கள் ஏறுகிற ஆட்களில் கெட்டிக்காரன், முப்பது வயது இருக்கும். மேலே போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. வாக்கி-டாக்கிதான் அவர்களுக்கு உயிர்.

நான் மேசையில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூங்கவில்லை. இதைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும் போல இருக்கிறது: தூங்கவில்லை. மலைமேல் மேகம் பிரிந்து வெயில் ஒரு பட்டையாக இறங்கியது. அந்தப் பட்டைக்குள் வருகிற ஆலை மட்டும் பளிச்சென்று வெள்ளையாகும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. யாரோ ஒவ்வொன்றாகத் தொட்டு எழுப்பிக்கொண்டு போகிற மாதிரி. அவ்வளவு அமைதி. தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல நிம்மதியாக இருந்தது.

கதவு திறந்து ஷெரின் ஓடிவந்தாள். என் முழங்கைக்குப் பக்கத்திலிருந்த வாக்கி-டாக்கியைப் பறித்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்னவோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

உச்சியில் மேல்மூடி காற்றில் அறைந்து இசக்கியின் மணிக்கட்டு சிக்கிவிட்டது. வில்சன் அதைத் தூக்கிக் கையை எடுத்துவிட்டான். ஆனால் ஒற்றைக் கையோடு ஏணியில் இறங்க முடியாது. இன்னொரு ஆளும் கயிறும் ஜீப்பும் வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கீழே படிக்கட்டில் வந்துகொண்டிருந்த ஷெரினுக்கு வாக்கி-டாக்கியிலிருந்து அந்தக் குரல் கேட்டிருக்கிறது.

இறக்கிவிட்டோம். எலும்பு முறிவு. கட்டுப் போட்டிருக்கிறார்கள், சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம்.

வால்யூம் குறைந்திருந்திருக்கும்.

ஜூலை 10

வால்யூம் முழுக்க வைத்திருந்தது. காலையில் போய்ப் பார்த்தேன்.

ஜூலை 11

இசக்கி கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு அறைக்கு வந்தான். மருத்துவ விடுப்புக்குக் கையெழுத்து வாங்க. எனக்கு நேராக வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து பேசினான்.

"சார், ஒங்க பேரச் சொல்லித்தான் கூப்பிட்டுட்டு இருந்தேன். தாணு சார், தாணு சார்னு. ஒங்களுக்கு மேலுக்குச் சொகமில்லையோன்னு பயந்துட்டோம்."

அவனுக்குக் கோபமே இல்லை. வலிக்குதா என்று கேட்டேன். லேசா என்றான்.

அவன் போன பிறகு ஷெரினிடம் போனேன். சம்பவ அறிக்கையை அவள்தான் எழுதி அனுப்ப வேண்டும். முபாரக்கும் இருந்தான். எனக்கு இப்படிப் போய் நின்று பழக்கமில்லை. இருந்தாலும் சொன்னேன்.

"வாக்கி-டாக்கில பேட்டரி போயிருந்ததுன்னு எழுதிரு மக்கா. ஒருத்தருக்கொருத்தர் இந்த அளவுக்கு விட்டுக்கொடுத்துத்தான் நாங்கள்லாம் வேலை பாத்தோம். யாருக்கும் நஷ்டமில்ல."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உதடு அசைந்தது, நின்றது. பிறகு தலையைக் குனிந்து போனில் எழுதி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடத் தைரியமில்லையா என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன்.

"பேட்டரின்னு எழுதினா புது பேட்டரி அனுப்புவாங்க சார். உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பி மறுபடி எழுதினாள். "உங்களுக்குக் காது கேக்கல சார். எங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும்."

அறையில் என்ன சத்தம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரத்தம் மட்டும் தலைக்குள் ஓடியது.

"எனக்கு நல்லாக் கேக்குது" என்றேன். கத்தியிருப்பேன் போல. முபாரக் எழுந்துவிட்டான். என் முன்னால் வந்து குனிந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினான்.

"சார், நானும் ஷெரின் அக்காவும் நாள் முழுக்கப் பேசிட்டுத்தான் இருக்கோம். வாய் ஓயாது. உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னாத்தான் டைப் பண்ணுவோம். உங்களுக்கு மட்டும் ஒண்ணும் விட்டுப்போயிரக் கூடாதுன்னு. பொங்கலுக்கு முந்தியே அக்காதான் சொன்னாங்க, இனி எழுதியே சொல்லுவோம்னு."

நான் இருக்கைக்குத் திரும்பினேன். கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாததால் அங்கேயே பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பகவதியிடம் கேட்டேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறாயா என்று. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நெனைக்கதா? பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம தெனமும் சண்ட போடுதோம்னு நெனச்சுட்டு இருக்காங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

ஜூலை 12

வேலைக்குப் போகவில்லை. காரணம் எதுவும் எழுதி அனுப்பவில்லை.

ஜூலை 13

ஞாயிறு. மழைத் தூறல். காதை ஒரு கையால் மூடிப் பார்த்தேன். மூடாமல் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை.

ஜூலை 14

ஷெரின் அறிக்கையை அனுப்புவதற்கு முன் என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். வாசித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கையால் காட்டினாள்.

நடந்தது நடந்தபடி இருந்தது. அழைப்பு எனக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாள். அதை எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காதது அடுத்த பத்தி. 'அவருக்குக் கேட்பது குறைந்துவருவது பொறுப்பாளரான எனக்குப் பல மாதங்களாகத் தெரியும். அவரிடம் சொல்லச் சங்கடப்பட்டு, எழுதிக் காட்டிச் சமாளித்துவந்தேன். கூட்டத்தில் அவர் இந்தப் பொறுப்பை ஏற்றபோதும் நான் பேசவில்லை. இதில் என் தவறு உண்டு.' கீழே அவள் கையெழுத்து.

"இந்தப் பத்தி எதுக்கு? ஒனக்கு மெமோ வரும்" என்றேன்.

தோளைக் குலுக்கினாள். எனக்குப் புரியும்படி மெதுவாக உதட்டை அசைத்தாள். "உண்மைதானே சார்."

நான் முப்பது வருடத்தில் எத்தனையோ பேருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன், எனக்கும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். யாரும் எனக்காக இப்படி ஒரு பத்தி எழுதியதில்லை. நன்றி சொல்லத் தோன்றவில்லை. கோபமும் முழுதாகப் போகவில்லை. அனுப்பு என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 17

நாகர்கோவிலில் காது டாக்டர். பகவதியும் வந்தாள். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும்.

முதலில் கேட்டது. பிறகு குறைந்தது. பிறகு கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. எங்கோ மிகத் தொலைவில் ஒரு கப்பல் போவது மாதிரி. வெளியே அந்தப் பரிசோதனைப் பெண் திருகிக்கொண்டே இருக்கிறாள், அவள் கை அசைகிறது, என் கை அசையவில்லை. ஏமாற்றி அழுத்திவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அழுத்தவில்லை. அந்த அமைதியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். மேகத்துக்குள் நடந்துபோய்க்கொண்டிருப்பது போல இருந்தது. திரும்பி வர வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

பிறகு கண்ணாடி வழியாகப் பகவதியைப் பார்த்தேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயந்திரங்களுக்குப் பக்கத்தில் பல வருடம் நின்ற காது என்றார் டாக்டர். மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகுமாம். பெண்கள் குரல், பறவைகள், சொல்லின் விளிம்புகள். இரண்டு காதுக்கும் கருவி வைக்கச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றேன்.

ஜூலை 20

ஷெரினுக்கு மெமோ வந்துவிட்டது. முபாரக்தான் செய்தி அனுப்பினான். என்னைப் பற்றிய முடிவை இரண்டு வாரத்தில் சொல்வார்களாம்.

ஆகஸ்ட் 1

கருவி வந்தது. மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் உலகம் முழுக்கத் தகரம். பஸ், செருப்பு, என் சட்டைக் காலர்கூடச் சத்தம் போடுகிறது. பகவதி பழக்கத்தில் கத்திப் பேசினாள். மெதுவாப் பேசு என்றேன். குரலை இறக்கி, "இப்பம் கேக்கா?" என்றாள். அந்தக் குரலில் லேசாக ஒரு நடுக்கம் சேர்ந்திருக்கிறது. எப்போது சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, இன்னொரு தடவை பேசச் சொன்னேன்.

ஆகஸ்ட் 4

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன். நான் இந்த அறையிலேயே இருக்கலாம். வாக்கி-டாக்கியோடு யாரும் இனித் தனியாக உட்காரக் கூடாது. கூப்பிட்டால் எரிகிற மஞ்சள் விளக்கு ஒன்றும் மேசையில் பொருத்தப்போகிறார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்வார்களாம். இது தானாக நடந்துவிடவில்லை. அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

காலையில் அறைக்குள் நுழைந்தால் சந்தைக்கடை. முபாரக் சொன்னது உண்மை. தன் தங்கை கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவனைப் பற்றி அவன் ஒரு மணி நேரம் பேசினான். நடுவில் பாட்டு வேறு முனகுகிறான். இவ்வளவு பேச்சுக்கு நடுவிலா நான் ஒரு மடத்துச் சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்?

ஷெரின் என்னிடம் வந்தாள். போனை எடுக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். "ச... ச... சார்," என்றாள். "கே... கேக்குதா?"

திக்குவாய். எனக்கு அது தெரியாது. இத்தனை மாதம் பக்கத்தில் இருந்தும் தெரியாது. அவள் உதடு நின்றபோதெல்லாம் எனக்குக் கேட்கவில்லை என்றோ, அவளுக்குச் சொல்ல மனமில்லை என்றோதான் நினைத்தேன். மெல்லிய குரல், கோவிலில் நின்று பேசுகிற மாதிரி. அந்தச் செய்திகளையெல்லாம் இந்தக் குரலில் ஒரு தடவைகூட நான் வாசித்ததில்லை.

"கேக்குது மக்கா" என்றேன்.

பதினோரு மணிபோல் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு. ஷெரின் ஸ்பீக்கரில் போட்டாள், நான் இருக்கிறேன் என்று தெரிவித்துவிட்டு. என்னை வள்ளியூர்ச் சாமான் கிட்டங்கிக்கு மாற்றிவிடுவது எல்லாருக்கும் நல்லது என்றார் அங்கிருந்து பேசிய அதிகாரி. சாமான்களுக்குக் கணக்கு வைக்கக் காது எதற்கு என்று லேசாகச் சிரித்தார். எல்லாம் தெளிவாகக் கேட்டது. இதற்கா இந்தக் கருவியை மாட்டினோம் என்றிருந்தது.

ஷெரின், "இல்ல சார்" என்றாள். அது ஒழுங்காக வந்தது. "அவர் இங்கயே இருக்கட்டும். கூப்பிட்டா வெ... வெளக்கு எரியற மாதிரி வச்சுரலாம். அது எல்லாருக்கும்தான் பா..."

அந்த 'பா'வில் நின்றுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. போனில் எழுதிக் காட்டுகிற வழி அங்கே இல்லை. முபாரக் திரும்பிப் பார்க்காமல் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அலட்சியம் இல்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. அவளுக்கு இடம் கொடுக்கிறான்.

"ஹலோ?" என்றார் அதிகாரி. "ஹலோ, லைன் போயிடுச்சா?"

அவள் கை போனை அணைக்கப் போவது போல நகர்ந்தது.

"லைன் இருக்கு சார்" என்றேன் நான். "பொறுப்பாளர் பேசிட்டு இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க."

ஷெரின் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேகம் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆலையாக அதற்குள் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் விளிம்பில் காற்று மெல்லிதாக விசில் அடித்துக்கொண்டே இருந்தது. சென்னையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவசரமில்லை. அந்தச் சொல் வந்துகொண்டிருந்தது, நாங்கள் எல்லாரும் அதற்காகக் காத்திருந்தோம்.